வீட்டுத் தானியக்கப் பணிகளில் பிழை நீக்கம்: ஒயரிங் நிறுவனங்களுக்கான அறிகுறி வழிகாட்டி

மின் ஒயரிங், இன்வெர்ட்டர், கண்காணிப்புக் கேமரா போன்ற நிறுவல் பணிகளைச் செய்துவரும் ஒரு நிறுவனம் விளக்கு, விசிறி, திரை போன்றவற்றை ஆப் வழியே இயக்கும் வீட்டுத் தானியக்கக் கட்டுப்பாட்டையும் தன் பணிகளோடு சேர்த்துக்கொண்டால், தொடக்க மாதங்களில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை 'ஆப் வேலை செய்யவில்லை' என்ற ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும். அந்த வாக்கியத்தின் பின்னால் தளர்ந்துபோன நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இருக்கலாம், மாற்றப்பட்ட வை-ஃபை கடவுச்சொல் இருக்கலாம், பேட்டரி தீர்ந்த சென்சார் இருக்கலாம். மடிக்கணினியைத் திறந்து நிரலைத் திருத்த உட்கார்ந்த பல நாட்களில், பிழை சுவிட்ச் பெட்டிக்குள் இருந்ததை நான் பின்னரே கண்டுபிடித்திருக்கிறேன். ஆகவே இந்த வழிமுறை முழுவதும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் மின்சாரம், அடுத்துத் தகவல் செல்லும் பாதை, அதன்பின் சாதனம், கடைசியில்தான் நிரல்.

அழைப்பு வந்தவுடன் புறப்பட வேண்டாம். எந்த அறை, எந்தச் சாதனம், எப்போதிலிருந்து, சுவரிலுள்ள சுவிட்சை அழுத்தினால் வேலை செய்கிறதா, ஒன்று மட்டும் நின்றதா அல்லது பல நின்றனவா, அண்மையில் வீட்டில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டு, பதில்களை எழுதிக்கொள்ளுங்கள். இவற்றுள் கடைசிக் கேள்விக்கு முதல் முறை கேட்கும்போது 'ஒன்றும் மாற்றவில்லை' என்றே பதில் வரும். ரூட்டர், இணைய நிறுவனம், கைபேசி, விளக்கு, பெயிண்ட் வேலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மையான பதில் வெளியே வரும்.

வீட்டிற்குச் சென்றபின் எந்தப் பெட்டியைத் திறப்பதாக இருந்தாலும், உரிய எம்.சி.பி.யை (அந்தச் சுற்றின் மின்துண்டிப்பான்) இறக்கிவிட்டு, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு சாக்கெட்டில் மீட்டரைச் சோதித்து, அதன்பின் பணியிடத்தில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து, மீண்டும் அதே சாக்கெட்டில் மீட்டர் சரியாக இயங்குகிறதா என்று பாருங்கள். தானியக்கம் செய்யப்பட்ட வீட்டில் 'சுவிட்ச் அணைந்திருக்கிறது' என்பதற்குப் பாதுகாப்பு சார்ந்த பொருள் எதுவும் இல்லை. ஒரு கால அட்டவணையோ, வேறு அறையில் இருப்பவரின் குரலோ அந்த ரிலேயை (கட்டளையால் இயங்கும் உள் சுவிட்ச்) எந்த நொடியிலும் மூடி மின்சாரத்தை ஏற்றிவிடக்கூடும்.

அறிகுறி: ஆப்பிலும் வேலை செய்யவில்லை, சுவர் சுவிட்சிலும் வேலை செய்யவில்லை

இது பெரும்பாலும் எளிய பிழை. சுவிட்ச் பெட்டிக்குள் பொருத்திய மாட்யூலின் (கட்டளையை ஏற்று விளக்கை இயக்கும் சிறு சாதனம்) ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் முனைகளுக்கிடையே மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சரியான அளவு வந்து, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வராவிட்டால் நியூட்ரல் துண்டிக்கப்பட்டுள்ளது என்று பொருள். சாதாரண டெஸ்டர் இதைக் காட்டாது, அது ஃபேஸில் ஒளிர்ந்து எல்லாம் சரி என்று நம்பவைத்துவிடும். பல மாட்யூல்களை ஒரே பெட்டியில் திணித்து மூடும்போது, கம்பிகள் பின்னால் அழுந்தி, முனையிலிருந்து ஒன்று வெளியே வந்துவிடுவது வழக்கமான காரணம். கம்பியை இழுத்துப் பார்த்தபின்தான் திருகு பிடித்திருக்கிறது என்று நம்ப வேண்டும்.

அறிகுறி: அணைத்த விளக்கு மங்கலாக ஒளிர்கிறது, அல்லது இரவில் விட்டுவிட்டு மினுக்குகிறது

எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் மிகுதியாகக் காணப்படும் புகார் இதுவே. இதற்குக் காரணங்கள் பல உண்டு, ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

முதலில் சுவிட்ச் நியூட்ரல் தேவைப்படாத வகையா என்று பாருங்கள். அவ்வகைச் சுவிட்ச் தனக்குத் தேவையான சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்பில் அந்த மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாமல் கடந்துபோனது. எல்.இ.டி. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரோ அதைத் தன் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒரு நொடி எரிந்து, மறுபடி அணைகிறது. சில விநாடிகளுக்கு ஒரு முறை ஒழுங்கான இடைவெளியில் மினுக்கினால் காரணம் இதுதான் என்று பெரும்பாலும் நம்பலாம். சுவிட்ச் தயாரிப்பாளர் தரும் பைபாஸ் மின்தேக்கியை விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே, அதாவது விளக்கின் பக்கத்தில், இணைத்தால் பிழை நீங்கும். அதைச் சுவிட்ச் பெட்டிக்குள் தவறான இடத்தில் இணைத்துவிட்டு 'பைபாஸ் போட்டும் சரியாகவில்லை' என்று சொல்பவர்கள் உண்டு.

சுவிட்சுக்கு நியூட்ரல் இருந்தும் விளக்கு தொடர்ந்து மங்கலாக ஒளிர்ந்தால், ரிலே ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் டி.பி.யிலேயே (மின்பகிர்வுப் பெட்டி) ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அங்கே விளக்கு அணைந்திருந்தாலும் அதன் ஹோல்டரில் முழு மின்னழுத்தமும் நிற்கும் என்பதால், பொருத்தும் பணியை நிறுத்திவிட்டு முதலில் அதைத் திருத்த வேண்டும். அதுவும் இல்லையென்றால், டூ வே சுவிட்சின் நீண்ட இணைக்கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுவதால் உண்டாகும் தூண்டல் மின்னழுத்தம் காரணமாக இருக்கலாம். இதற்கும் பைபாஸ் மின்தேக்கியே தீர்வு.

எரியும்போதே மினுக்கினால், அல்லது இரைச்சல் எழுந்தால், டிம்மரும் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) டிரைவரும் பொருந்தவில்லை என்று பொருள். மின்னலையின் முன்பகுதியை வெட்டும் டிம்மர்கள் இரும்பு மின்மாற்றிகளுக்கும் குண்டு பல்புகளுக்கும் உருவானவை. எல்.இ.டி. டிரைவர்களில் பெரும்பாலானவை அலையின் பின்பகுதியை வெட்டும் வகையோடு நன்றாக இணங்குகின்றன. டிம்மருக்குக் குறைந்தபட்சச் சுமை என்று ஓர் அளவு உண்டு. முன்பு 200 வாட் இருந்த இடத்தில் இப்போது 15 வாட் மட்டுமே இருந்தால், அது அந்தக் குறைந்தபட்ச அளவை எட்டாமலே போகலாம். ஆப்பிலுள்ள அமைப்புகளில் குறைந்தபட்ச ஒளி அளவைச் சற்று உயர்த்திப் பாருங்கள், பல டிம்மர்களில் அந்த ஒரு மாற்றமே போதும். டிரைவரின் மேல் 'டிம் செய்யத் தக்கதல்ல' என்று அச்சிட்டிருந்தால் எந்த அமைப்பும் உதவாது, டிரைவரைத்தான் மாற்ற வேண்டும். மின்தேக்கி வகை ரெகுலேட்டர் இருந்த மின்விசிறியை விளக்கு டிம்மரில் இணைத்தால் மோட்டார் முனகும். அதற்கெனச் செய்யப்பட்ட விசிறி மாட்யூலைத் தவிர வேறு எதையும் அங்கே பயன்படுத்தக் கூடாது.

அறிகுறி: புதிய சுவிட்சுகள் பொருத்தியபின் ஆர்.சி.சி.பி. அவ்வப்போது டிரிப் ஆகிறது

ஆர்.சி.சி.பி. என்பது, ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி. இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்தப் பிழையை உண்டாக்குபவர் நிறுவுபவர்தான்.

நான் தானியக்கப் பணியை ஏற்ற தொடக்கக் காலத்தில் ஒரு மாடி வீடு. கீழ்த்தளத்துக்கு ஓர் ஆர்.சி.சி.பி., மேல்தளத்துக்கு ஓர் ஆர்.சி.சி.பி. படிக்கட்டின் அருகே இருந்த பெட்டியில் நான்கு மாட்யூல்களைப் பொருத்த நியூட்ரல் தேவைப்பட்டது. அந்தப் பெட்டிக்குள் சுவிட்ச் ஃபேஸ் மட்டுமே வந்திருந்ததால், என்னுடன் பணியாற்றியவர் பக்கத்துக் கன்டியூட்டில் (கம்பிக் குழாய்) சென்ற ஒரு கறுப்புக் கம்பியிலிருந்து நியூட்ரலை எடுத்துக்கொண்டார். எல்லாம் இயங்கியது, சோதித்தோம், ஒப்படைத்தோம். பத்து நாட்களில் அழைப்பு வந்தது: சலவை இயந்திரம் ஓடும்போது கீழ்த்தளம் முழுவதும் மின்சாரம் போய்விடுகிறது. வீட்டுக்காரர் சலவை இயந்திரத்தின் மேல் ஐயம் கொண்டு அதைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டும் விட்டார்.

கசிவு மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கீழ்த்தள ஆர்.சி.சி.பி.யின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வளைத்துப் பிடித்தபோது, சலவை இயந்திரம் ஓடாத நிலையிலேயே 14 மில்லி ஆம்பியர் காட்டியது. மேல்தளத்தின் எம்.சி.பி. ஒவ்வொன்றையும் இறக்கிக்கொண்டு வந்தேன். அளவு அசையவில்லை. படிக்கட்டுப் பெட்டிக்கு ஃபேஸ் தரும் கீழ்த்தள எம்.சி.பி.யை இறக்கியதும் மீட்டர் 2க்கு வந்துவிட்டது. கறுப்புக் கம்பி மேல்தளத்தின் நியூட்ரல். நான்கு மாட்யூல்களும் கீழ்த்தள ஃபேஸிலிருந்து எடுத்த சிறு மின்னோட்டம் மேல்தள நியூட்ரல் வழியே திரும்பியதால், கீழ்த்தள ஆர்.சி.சி.பி.யின் பார்வையில் அது முழுவதும் கசிவாகவே தெரிந்தது. 30 மில்லி ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட ஆர்.சி.சி.பி. 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் டிரிப் ஆகலாம் என்பது அதன் தர விதி. சலவை இயந்திரத்தின் வடிகட்டி விடும் இயல்பான சிறு கசிவு அதனோடு சேர்ந்ததும் எல்லை கடந்துவிட்டது. இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை.

அன்றிலிருந்து கடைப்பிடிக்கும் முறை இது. நியூட்ரல் எடுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும், அந்தச் சுற்றின் ஆர்.சி.சி.பி.யிலிருந்து வரும் நியூட்ரல்தானா என்பதைக் கம்பித் தொடர்ச்சி அளந்து உறுதி செய்கிறோம். உரிய நியூட்ரலைக் கொண்டுவர முடியாத இடத்தில் நியூட்ரல் தேவைப்படாத சுவிட்சையோ, பேட்டரியில் இயங்கும் கம்பியில்லாப் பொத்தானையோ பொருத்தி, ரிலேயை விளக்கின் பக்கத்திலோ டி.பி.யிலோ வைக்கிறோம். எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்துவது எந்நிலையிலும் கூடாது. இணைக்கப்பட்ட உலோகப் பரப்புகள் அனைத்திலும் மின்னழுத்தம் ஏறக்கூடிய உயிராபத்து அது.

அறிகுறி: ஆப்பில் 'அணைந்தது' என்று காட்டுகிறது, விளக்குகளோ எரிந்துகொண்டே இருக்கின்றன

ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. பெட்டியில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்க, 200 வாட் எல்.இ.டி. சுமையில் இது எப்படி நேர்ந்தது என்று வியப்பவர்கள் பலர். டிரைவரின் மின்தேக்கிகள் காலியாக இருக்கும் நிலையில் சுவிட்ச் போடும் கணத்தில், ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு, இயல்பான மின்னோட்டத்தைப் போலப் பல பத்து மடங்கு பாய்கிறது. இருபது டிரைவர்கள் ஒரே ரிலேயில் இருந்தால் அவை அனைத்தும் சேர்ந்து பாய்கின்றன. ரிலேயின் மேலுள்ள அளவு பெரும்பாலும் ஹீட்டர் போன்ற மின்தடைச் சுமைக்கானது. எல்.இ.டி. சுமைக்குத் தனியாகக் குறிப்பிட்ட அளவைத் தரவுத்தாளில் தேடுங்கள். பெரிய சுமைகளைக் கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே) வழியாக இயக்குங்கள், அல்லது இரண்டு மூன்று ரிலேக்களாகப் பிரித்துச் சிறு இடைவெளியில் போடும்படி அமையுங்கள். ஒட்டிய ரிலேயைத் தட்டி விடுவித்துத் திரும்பி வருவது பழுதுபார்த்தல் ஆகாது, மாட்யூலை மாற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி: திரை மோட்டார்கள் எல்லையைத் தாண்டி ஓடுகின்றன, அல்லது ஒன்று மேலே போக ஒன்று கீழே வருகிறது

ஒரே ரிலே வெளியீட்டில் இரண்டு குழல் மோட்டார்களை இணையாகக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இயந்திர எல்லைச் சுவிட்ச் உள்ள மோட்டார்களில், ஒரு மோட்டார் ஓடும்போது அதன் மின்தேக்கி வழியாக மறுதிசைக் கம்பியிலும் மின்னழுத்தம் எழும். அது இணையாக உள்ள மற்ற மோட்டாரின் உள்ளே சென்று, எல்லையில் நின்றுவிட்ட அதனை மறுபடி அசைக்கிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ரிலே இணை, அல்லது பிரிப்பு ரிலே பெட்டி கட்டாயம். மேலே, கீழே என்ற இரு வெளியீடுகளும் ஒரே நேரத்தில் மூடாதபடி பூட்டு அமைந்திருக்க வேண்டும், திசை மாற்றத்துக்கு இடையில் அரை விநாடியாவது ஓய்வு கொடுக்க வேண்டும். பலமுறை சோதித்தபின் மோட்டார் திடீரென நின்றுபோனால் பதற வேண்டாம். சில நிமிடங்கள் தொடர்ந்து ஓடினால் வெப்பக் காப்பு அதை நிறுத்திவிடும், ஆறியபின் தானே இயங்கும்.

அறிகுறி: வை-ஃபை சாதனங்கள் 'ஆஃப்லைன்' என்று காட்டுகின்றன

முதல் சோதனை, எல்லாமே நின்றதா அல்லது ஒன்று மட்டுமா என்பது. எல்லாம் நின்றிருந்தால் ரூட்டர் மாறியிருக்கிறது, பெயரோ கடவுச்சொல்லோ மாறியிருக்கிறது, அல்லது இணையம் இல்லை. கைபேசியை வீட்டு வை-ஃபையிலேயே வைத்துக்கொண்டு, ரூட்டருக்கு வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றி, விளக்கைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இயங்கினால் அந்த அமைப்பு வீட்டிற்குள்ளேயே முடிவெடுக்கிறது என்று அறியலாம். இயங்காவிட்டால் ஒவ்வொரு கட்டளையும் வெளியே உள்ள சேவையகத்துக்குச் சென்று திரும்புகிறது, இணையம் நின்றால் வீடும் நிற்கும். இந்தச் சோதனையை ஒப்படைக்கும் நாளன்று வாடிக்கையாளரின் முன்னிலையிலேயே செய்து காட்டுவது நல்லது, பின்னர் வரும் மனத்தாங்கலை அது தடுக்கும்.

புதிய ரூட்டர் வந்திருந்தால், பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே அதில் அமையுங்கள். நாற்பது சாதனங்களை மறுபடி இணைப்பதற்குப் பதில் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அப்போதும் சில சாதனங்கள் வராவிட்டால் மூன்றைப் பாருங்கள். மலிவான சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும், புதிய ரூட்டரில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். வை-ஃபையின் பாதுகாப்பு முறை மூன்றாம் தலைமுறை (டபிள்யூ.பி.ஏ.3) மட்டும் என்று அமைக்கப்பட்டிருந்தால் பழைய சாதனங்கள் உள்ளே வராது, இரண்டாம் தலைமுறையையும் ஏற்கும் கலப்பு நிலைக்கு மாற்ற வேண்டும். மூன்றாவதாக, விருந்தினர் வலையமைப்பிலோ 'சாதனங்களைத் தனிமைப்படுத்து' என்ற அமைப்பிலோ அவை சிக்கியிருந்தால் இணையம் கிடைக்கும், ஆனால் கைபேசியால் அவற்றைக் கண்டறிய முடியாது.

ஒரு சாதனம் மட்டும் அடிக்கடி மறைந்தால் அது பொருத்தப்பட்ட இடத்துக்குப் போய், பெட்டி மூடிய நிலையில் அலை வலிமையை அளந்து பாருங்கள். உலோகப் பெட்டிக்குள்ளோ, கண்ணாடியின் பின்பக்க வெள்ளிப் பூச்சுக்குப் பின்னோ, டி.பி.யின் இரும்புக் கதவுக்குள்ளோ வைத்த மாட்யூலிடம் நல்ல இணைப்பை எதிர்பார்க்க இயலாது. வீட்டுக்கு வந்த ரூட்டர் ஒன்றையே நம்பி நாற்பது சாதனங்களை இணைக்கும் திட்டத்தை நான் இப்போது ஏற்பதில்லை. மேற்கூரையில் ஆக்சஸ் பாயிண்ட் (கூடுதல் வை-ஃபை பரப்பி) வைக்க இடமும், அதற்கு ஒரு கம்பி வழி இணைப்பும் விலைப்பட்டியலிலேயே இருக்க வேண்டும். மையக் கட்டுப்பாட்டகம் (விதிகளை இயக்கும் சாதனம்), பாலச் சாதனங்கள் (வேறு வகை வலைகளை வீட்டு வலையோடு இணைப்பவை), கேமரா ஆகியவற்றுக்கு ரூட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால், மின்வெட்டுக்குப் பின் முகவரி மாறி இணைப்பு உடையும் பிழையை முழுமையாகத் தவிர்க்கலாம்.

வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்களைச் சேர்ந்து இயங்கவைக்கும் மேட்டர் தரத்தில் இயங்கும் சாதனங்கள் 2022 அக்டோபரில் அந்தத் தரம் வெளியானதிலிருந்து படிப்படியாகப் பெருகிவருகின்றன. அவை ஐ.பி. ஆறாம் பதிப்பை நம்பி இயங்குவதால் ரூட்டரில் அது முடக்கப்பட்டிருந்தால் இணைப்பு தடுமாறும். அதைவிட எளிய ஒரு சிக்கலே எங்களை அதிகம் வருத்தியது. இணைப்பதற்கான குறியீடு சாதனத்தின் முதுகில் ஒட்டியிருக்கிறது, சாதனமோ சுவருக்குள் போய்விட்டது. பொருத்தும் முன் ஒவ்வொரு ஸ்டிக்கரையும் அறையின் பெயரோடு படம் எடுத்து வையுங்கள்.

அறிகுறி: ஜிக்பீ அல்லது இசட்-வேவ் சாதனங்கள் தாமதமாகக் கேட்கின்றன, சில நாட்களுக்குப் பின் காணாமல் போகின்றன

இவை இரண்டும், சாதனங்கள் ஒன்றின் வழியாக ஒன்று செய்தியைக் கடத்தும் கம்பியில்லா வலைகள். நிலையான மின்சாரம் பெறும் சாதனங்களே செய்தியைக் கடத்தும், பேட்டரியில் இயங்கும் கதவுச் சென்சாரும் அசைவுச் சென்சாரும் கடத்துவதில்லை. ஆகவே மையக் கட்டுப்பாட்டகத்தை ஒரு மூலையில் வைத்து, எதிர் மூலையில் பேட்டரிச் சென்சார்களை மட்டும் வைத்தால் நடுவில் பாலம் இல்லை. இசட்-வேவ் வலையில் செய்தி இடையில் நான்கு சாதனங்களுக்கு மேல் தாண்டாது, வழக்கமான வலையில் 232 சாதனங்களே எல்லை.

ஜிக்பீ, வை-ஃபையோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியைப் பகிர்கிறது. வை-ஃபை 1, 6, 11 ஆகிய தடங்களில் இருந்தால் ஜிக்பீயின் 15, 20, 25 ஆகிய தடங்கள் அவற்றின் இடைவெளிகளில் அமைகின்றன. வை-ஃபையைத் 'தானியங்கி' நிலையில் விட்டால் அது தன் தடத்தைத் தானே மாற்றிக்கொண்டு மறுபடி மோதும் என்பதால், முதலில் வை-ஃபை தடத்தை நிலைப்படுத்திவிட்டு, அதன்பின் ஜிக்பீ தடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் தடத்தை மாற்றினால் சில சாதனங்களை மறுபடி இணைக்க நேரிடும், ஆகவே இதை முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். யு.எஸ்.பி. குச்சி வடிவ அலைவாங்கியைக் கணினியின் யு.எஸ்.பி. 3.0 துளையில் நேரடியாகச் செருகியிருந்தால், அந்தத் துளை எழுப்பும் மின்னிரைச்சலே அலைவாங்கியைச் செவிடாக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் அதை விலக்கி வைத்தாலே பல வீடுகளில் சிக்கல் தீர்ந்திருக்கிறது.

சாதனங்கள் மாலையில் மட்டும் கூட்டமாகக் காணாமல் போனால், யாரோ ஸ்மார்ட் பல்புகளைச் சுவர் சுவிட்சில் அணைக்கிறார்கள். பல்பும் வலையின் ஒரு பாலம். அதன் மின்சாரம் போனால் அதை நம்பியிருந்த சென்சார்களின் பாதையும் போகிறது. வீட்டாரைக் குறை சொல்வது முறையன்று, சுவர் சுவிட்ச் இருப்பதே அழுத்துவதற்குத்தான். பல்புக்கு நிலையான மின்சாரம் தந்து, அந்தச் சுவிட்சைக் கட்டளைப் பொத்தானாக மாற்றுங்கள், அல்லது ஸ்மார்ட் பல்பைக் கைவிட்டு ஸ்மார்ட் சுவிட்சைப் பொருத்துங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழியையே.

அறிகுறி: கம்பி வழி அமைப்பில் ஒரு பகுதி செத்துக் கிடக்கிறது

சுவிட்சுகளும் சாதனங்களும் ஒரு தனிக் கம்பி வழியே கட்டளைகளைப் பரிமாறும் கே.என்.எக்ஸ். அமைப்பில் மீட்டரை எடுத்து, கடைசிச் சாதனத்தின் முனையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே அளந்து பாருங்கள். மின்வழங்கியின் பக்கத்தில் 30 வோல்ட் அளவில் இருக்கும் நேர்மின்னழுத்தம், சாதனத்தின் முனையில் 21 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கியிருந்தால் கம்பியின் நீளத்தையும் சாதனங்களின் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். ஒரு வரிப்பகுதியில் மொத்தக் கம்பி 1000 மீட்டருக்குள், மின்வழங்கியிலிருந்து எந்தச் சாதனமும் 350 மீட்டருக்குள், சாதனத்துக்கும் சாதனத்துக்கும் இடையே 700 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு பகுதிக்கு 64 சாதனங்கள் என்பது பழைய கணக்கு என்றாலும் அதைப் பின்பற்றுவது பாதுகாப்பானது. கிளைகள் எப்படி வேண்டுமானாலும் பிரியலாம், வளையமாக மட்டும் இணையக் கூடாது. பிழை எந்தக் கிளையில் என்று தெரியாதபோது பாதியில் பிரித்து அளந்து, உயிரற்ற பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆறேழு முறை பிரித்தால் எந்த வீட்டிலும் இடம் தெரிந்துவிடும்.

டாலி (விளக்கு டிரைவர்களை இரு கம்பி வழியே கட்டுப்படுத்தும் முறை) விளக்குகள் அனைத்தும் திடீரென முழு ஒளியில் எரிந்து, எந்தக் கட்டளைக்கும் அசையாமல் இருந்தால், நிரலைத் தேடாதீர்கள். டாலி கம்பியில் மின்னழுத்தம் போய்விட்டது. கம்பி அறுந்தாலோ குறுக்கிணைந்தாலோ முழு ஒளிக்குச் செல்வதுதான் டிரைவர்களின் தொடக்க அமைப்பு. வழக்கமாக 16 வோல்ட் அளவில் இருக்க வேண்டிய அது சுழியமாக இருந்தால் குறுக்கிணைப்பைத் தேடுங்கள். ஒரு டாலி வரியில் 64 முகவரிகளும், 250 மில்லி ஆம்பியர் மின்வழங்கலும், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 300 மீட்டர் நீளமும் எல்லைகள். மின்னழுத்தம் குறைவாயிற்றே என்று டாலி முனைகளை வெறும் கையால் தொட வேண்டாம். அதன் காப்பு முழுமையான பாதுகாப்பு வகையைச் சேர்ந்ததன்று, அதை வீட்டு மின்சாரத்தைப் போலவே கருத வேண்டும்.

அறிகுறி: விளக்குகள் தாமாக எரிகின்றன, தாமாக அணைகின்றன

வீட்டிலுள்ள முதியவர்களையும் குழந்தைகளையும் அச்சுறுத்தும் புகார் இது. எனவே அழைப்பு வந்த நாளிலேயே கவனியுங்கள். பதிவேட்டைத் திறந்து, கட்டளை எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள்: சென்சாரா, கால அட்டவணையா, வேறொருவரின் கைபேசியா, பொத்தான் உள்ளீடா. சென்சார் என்றால் அதன் பார்வையில் ஏ.சி.யின் காற்று, அசையும் திரைச்சீலை, வெயில் விழும் தரை ஆகியவை உள்ளனவா என்று நின்று பார்க்க வேண்டும், அது வெப்ப மாற்றத்தை அசைவாக எடுத்துக்கொள்கிறது. பொத்தான் உள்ளீடு என்றால், அந்த மெல்லிய கம்பி மின்கம்பிகளோடு ஒரே கன்டியூட்டில் பல மீட்டர் ஓடித் தூண்டல் மின்னழுத்தத்தை ஏற்றிருக்கலாம். கட்டளை மாலையில் தவறான நேரத்தில் வந்தால், கட்டுப்பாட்டகத்தில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பாருங்கள். நேரத்தை இணையத்திலிருந்து பெறும் கட்டுப்பாட்டகம், மின்வெட்டுக்குப் பின் இணையம் வரும்வரை தவறான கடிகாரத்தோடு இயங்கும்.

இரண்டு விதிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதும் உண்டு. 'கூடம் எரிந்தால் நடைவழி எரிக' என்று ஆப்பிலும், 'நடைவழி அணைந்தால் கூடம் அணைக' என்று கட்டுப்பாட்டகத்திலும் எழுதிவிட்டால், எவராலும் விளங்கிக்கொள்ள முடியாத வீடு ஒன்று உருவாகிவிடும். விதிகள் எல்லாம் ஒரே இடத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும்.

அறிகுறி: ஒரே வீட்டிற்கு ஐந்தாம் முறையாகச் செல்கிறீர்கள்

பிழை இப்போது நிறுவனத்தின் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் இதற்கு மூன்று காரணங்களைக் கண்டோம். முதலாவது, அமைப்புப் பணிக்கான நேரத்தை விலையில் சேர்க்காததால், அதைக் கடைசி நாள் மாலையில் அவசரமாக முடித்தோம். ஒவ்வொரு சாதனத்தையும் அலுவலக மேசையிலேயே இயக்கி, பெயரிட்டு, எண் ஒட்டி எடுத்துச்செல்லத் தொடங்கியபின் வீட்டில் செலவாகும் நேரம் பெரிதும் குறைந்தது. அமைப்புப் பணி இப்போது விலைப்பட்டியலில் தனி வரியாகவே இருக்கிறது.

இரண்டாவது, வீட்டின் அமைப்பு ஒரே ஒருவரின் நினைவில் இருந்தது. அவர் விடுப்பில் சென்ற வாரத்தில் மற்ற எவராலும் ஒரு விளக்கைக்கூடத் திருத்த இயலவில்லை. எந்தப் பெட்டியில் எந்த மாட்யூல், எந்தச் சுற்று, எந்த முகவரி, எந்த நியூட்ரல் என்று ஒரு தாளில் எழுதி, ஒரு படியை டி.பி. கதவின் உள்பக்கத்திலும் ஒரு படியை அலுவலகத்திலும் வைக்கிறோம். நிரல் கோப்பின் காப்பும், அதை எடுத்த தேதியும் அதனோடு சேரும்.

மூன்றாவது காரணத்துக்காக இன்றும் வருந்துகிறேன். அவசரத்தில் பல வீடுகளின் கணக்கை எங்கள் நிறுவன மின்னஞ்சலில் தொடங்கியிருந்தோம். அதனால் அந்த வீட்டாரின் கதவுப் பூட்டும் கேமராவும் எங்கள் கையில் இருந்தன, நாங்கள் கடவுச்சொல்லை மாற்றினால் அவர்கள் வெளியே நிற்க நேரிடும். இப்போது முதல் நாளிலேயே கணக்கை வீட்டு உரிமையாளரின் மின்னஞ்சலில், அவரே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய, தொடங்குகிறோம். எங்களுக்கு வரம்புள்ள பராமரிப்பு அனுமதியை மட்டும் கேட்டுப் பெறுகிறோம், அதை எப்போது வேண்டுமானாலும் நீக்கும் முறையையும் அவருக்குச் செய்து காட்டுகிறோம். பழைய வீடுகளின் கணக்குகளை ஒவ்வொன்றாக மாற்றித் தரும் பணி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்காகச் செல்லும் வீடுகளில் நியூட்ரலையும் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டே திரும்புகிறோம்.